கூத்து தேடும் வெள்ளைக்காரர்

திருவண்ணாமலை ரமண நகரில் வீடு எடுத்துத் தங்கும் வெளிநாட்டவரில் ஒரு வகையினர் ஞானம் தேடுவதில்லை; கூத்து தேடுகிறார்கள். 1931-இல் எழுத்தாளர் பால் பிரண்டனும் 1938-இல் நாவலாசிரியர் சாமர்செட் மாமும் வந்தது ரமணரைப் பார்க்க. மாம் ஆசிரமத்தில் மயங்கி விழ, ரமணரே எழுந்து வந்து பார்க்க நேர்ந்தது. கூத்து தேடுகிறவர் மயங்கி விழுவதில்லை, ஆனால் தூங்கிவிடுவார்.

அடையாளம் காண்பது எளிது. வேட்டி கட்டுவார், வேட்டியின் மேல் நம்பிக்கை இல்லாததால் பெல்ட்டும் போடுவார். தோளில் ஜோல்னாப்பை; அதற்குள் செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட தடித்த புத்தகத்தின் ஜெராக்ஸ். பேசுவது புத்தகத் தமிழ். செங்கம் ரோட்டு டீக்கடையில் “எனக்கு ஒரு தேநீர் வேண்டும், ஐயா” என்று கேட்டு, கூட்டத்தையே ஒரு கணம் மரியாதையாக நிமிர்ந்து உட்கார வைப்பார். முதல் வருஷம் அவர் ‘சார்’. மறு வருஷமும் வந்தால் ‘சாமி’.

இவருடைய பெரிய சிக்கல் காலண்டர். கார்த்திகைத் தீபத்துக்கு வந்து, மார்கழி, தைப் பனியை அனுபவித்து, மாசியில் வெயில் ஏறியதும் இமயமலைப் பக்கம் கிளம்பிவிடுவார். திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறிக் கூத்து சூடு பிடிப்பதோ அதற்குப் பிறகு, பங்குனி முதல் ஆடி வரை. ஆகவே இந்த வகையில் பெரும்பாலோர் கூத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் விடுதி மொட்டைமாடியில் நடந்த அரைமணி நேர ‘கலை மாலை’தான். எட்டு மணி நேரக் கூத்தில் அரைமணி என்றால் கோமாளியான கட்டியங்காரன் வந்து வணக்கம் சொல்லவே சரியாக இருக்கும்.

கொஞ்சம் முனைப்பானவர் மாவட்டத்தின் மறுகோடிக்கு, செய்யாறு பக்கம் உள்ள புரிசைக்குப் போவார். மேலைநாட்டு நவீன நாடகம் சலித்து, கலப்படமில்லாத கூத்துக்காக வந்தவர் அவர். கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த அந்தக் குழுவோ ப்ரெக்ட் நாடகத்தையும் மார்க்வெஸ் கதையையும் கூத்தாக்கி ஆடிய குழு. ப்ரெக்ட்டிடமிருந்து தப்பி இத்தனை கடல் தாண்டி வந்தவருக்கு வாசலிலேயே ப்ரெக்ட்!

இந்தக் கூத்துக்குப் பெயர் தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா என்ற வழக்கிலும் அவர் தலையிடுவார். வேஷக்காரர் அணியும் கிரீடம், புஜகீர்த்தி முதலிய மர அணிகளுக்குக் கட்டை என்று பேர்; அதனால் பி. ராஜகோபால் முதலான கலைஞர்கள் 1990-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய சங்கம் கட்டைக்கூத்து என்கிறது. நெதர்லாந்திலிருந்து வந்த ஹன்னே டி ப்ரூயின் அந்தச் சங்கத்தோடு பல்லாண்டு உழைத்தவர். அவர் வேறு ஜாதி, இந்தச் சித்திரத்தில் அடங்கமாட்டார். புரிசைக்காரர்கள் தெருக்கூத்து என்கிறார்கள். டீக்கடையில் கேட்டால் “கூத்துன்னா கூத்துதான் சாமி” என்று முடித்துவிடுவார்கள்.

வெயிலுக்கு அஞ்சாமல் தங்கிவிடும் சிலருக்கே நிஜக் கூத்து வாய்க்கிறது. ஒன்பது என்று சொன்னது பதினொன்றுக்குத் தொடங்கும். தரையில் உட்காரவே அவருக்கு ஆசை, ஊர் விடாது. துண்டு போர்த்தி, முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போடும். பின்னாலிருந்து “தல மறைக்குது” என்று குரல் வரும். கட்டியங்காரன் அவரைப் பார்த்துவிட்டால் போச்சு: “பாண்டவருக்குப் பன்னண்டு வருஷம் வனவாசம். சாமி, உங்க விசா எத்தினி மாசம்?” ஊர் சிரிக்கும், அவரும் சிரித்துவிட்டுக் குறிப்பெழுதுவார். மூன்று மணிக்குத் திரைக்குப் பின்னால் துரியோதனன் முழங்கும்போது தூங்கிப்போயிருப்பார். குறையில்லை, பாதி ஊர் அப்படித்தான் தூங்கும். துகிலுரிதலுக்கு முன் பக்கத்துப் பாட்டி தட்டி எழுப்பிவிடுவாள்.

அர்ச்சுனன் தபசுதான் உச்சம். நெடுமரத்தின் மேல் ஏறிய அர்ச்சுனன் பூவும் விபூதியும் எலுமிச்சையும் கீழே வீசுவான். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். நடுவில் ஆறடி உயரத்துக்கு ஒருவர் நின்றால் பழம் யார் கைக்கு வரும்? பிடித்த எலுமிச்சையை அவர் வெற்றியோடு உயர்த்திக் காட்டும்போது, பக்கத்திலிருக்கும் அக்கா, “அது உங்களுக்கு வேணாம் சாமி, இப்படிக் குடுங்க” என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள்.