கழுநீரும் கண்ணாடித் தோலும்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற வழியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஓர் அத்தாச்சி இருப்பார். கல்யாண வீட்டில் மணையேறிய பெண்ணைப் பார்த்ததும், "எல்லாம் சரிதான், கொஞ்சம்..." என்று இழுப்பார். அந்தக் 'கொஞ்சம்' என்ன என்பதுதான் அவ்வப்போது மாறும்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் அது "கொஞ்சம் நோஞ்சல்". உடனே பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டப்படும். அந்தப் பெண்ணின் மகள் இன்று மணையேறினால் "கொஞ்சம் பூசினாப்புல". குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைகிற ஊரில் அவள் ராத்திரிக்கு ஓட்ஸ் குடிக்கிறாள்.

அத்தாச்சியின் அம்மாவுக்குக் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் போதுமானதாக இருந்தன. 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது; கிழங்கு டப்பா பரணேறியது. 2020-ல் கம்பெனியே 'ஃபேரை' எடுத்துவிட்டு 'க்ளோ' என்று பெயர் வைத்தது. அத்தாச்சியும் கட்சி மாறினார். "கறுப்பு செவப்பெல்லாம் யாருடி பாக்குறா? முகத்துல களை வேணும்!" வயலில் களை எடுக்கிற குடும்பம், முகத்தில் களை வளர்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில், திருவெண்காட்டு இடபவாகனச் சிவன் முன்னால் அத்தாச்சி ஒருநாள் நின்றார். 1011-ஆம் வருஷத்துச் சிலை. முண்டாசு போல் சுற்றிய சடை, அதில் பாம்பு. "ஆம்பளைக்கு இம்புட்டு முடியா! என்ன எண்ணெய் போட்டாரோ?" பக்கத்தில் மகன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். பின்மண்டையில் நாற்றுப் பறித்து முன்மண்டையில் நட்டுக்கொண்டு வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தாலும் திறக்காவிட்டாலும் இந்த நடவு நிற்காது.

போன மாதம் பேத்தி கொரியாக்காரர்களின் சீசா ஒன்று வரவழைத்தாள். தடவினால் தோல் கண்ணாடி மாதிரி ஆகுமாம். அத்தாச்சி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். என்ன இருக்கிறது என்று கேட்டார். அரிசித் தண்ணீர் என்றாள்.

"அடிப்பாவி, இது நம்ம கழுநீர்டி!"

மறுநாளிலிருந்து அரிசி களைந்த முதல் தண்ணீர் அத்தாச்சி முகத்துக்கு. இரண்டாவது, பேத்தி கூந்தலுக்கு. மூன்றாவது, மகனின் புது நடவுக்கு. இத்தனை வருஷமாக அதைக் குடித்துப் பளபளவென்று நின்ற கொல்லை மாடு, காலித் தொட்டியை நக்கிவிட்டு நிமிர்ந்தது.

அத்தாச்சி அதை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் சரிதான், கொஞ்சம் நோஞ்சல்."