ஹெல்மெட் கேமராவில் மலை மட்டமாதல்: ஓர் ஆய்வுரை

நான்கு காற்றுச் சக்கரம் பூட்டிய பலகையில் நின்றபடி புல்மலையில் உருண்டிறங்குவது மவுண்டன்போர்டு எனப்படும். இறங்கியவன் தான் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டும்போது பார்ப்பவர் தவறாமல் கேட்பது: "இவ்வளவுதானா?" இக்கேள்வியின் தோற்றுவாயை ஆராய்வதே நம் நோக்கம். கட்டுரையாளர் பலகையில் ஏறியவர் அல்லர். ஆகவே நடுநிலையாளர் என்க.

வரலாறு சிறிது. பனியில்லாத கோடையில் சும்மா இருக்க மாட்டாத பனிச்சறுக்கர்கள் 1990-களின் தொடக்கத்தில் கண்ட விளையாட்டு இது. ஜேசன் லீயும் பேட்ரிக் மெக்கானலும் 1993-இல் அமெரிக்காவில் பலகை செய்து விற்கத் தொடங்கினர். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதே கிறுக்கு தனித்தனியே பிடித்தது. கேமரா பிந்தி வந்தது. நிக் உட்மேன் 2004-இல் விற்ற முதல் கோப்ரோ, மணிக்கட்டில் கட்டும் ஃபிலிம் கேமரா. 2006-இல் வந்த டிஜிட்டல் கருவியோ ஒலியில்லாமல் 10 வினாடி மட்டுமே ஓடும். இதைக் குறை என்பாரும் உளர். அற்றன்று, புதியவன் விழுவதற்கு 10 வினாடி தாராளம். விழும்போது அவன் சொல்வது பதிவாகாததும் நன்றே.

இனி, மலை எங்கே போயிற்று? முதற்குற்றவாளி அகலக் கோண லென்ஸ். எதிரே உள்ளதையெல்லாம் அள்ளிக்கொள்ளும் ஆசையில் தொலைவில் உள்ளதைச் சிறுக்கவைத்து, பள்ளத்தைத் தரையோடு தரையாக்கிவிடுகிறது. நிற்பவனுக்கு இரண்டு கண், காதுக்குள் சமநிலை உறுப்பு, போதாக்குறைக்கு வயிறு. அனைத்தும் சேர்ந்து 'சரிவு, சரிவு' என்று அலறும். கேமராவுக்கு ஒற்றைக்கண். வயிறு கிடையாது. தலை குனிந்தால் கூடவே குனியும்; தொடுவானம் படத்தைவிட்டு வெளியேறும்; பிறகு எதை வைத்துச் சாய்வை அளப்பது? இறங்கியவன் சுவர் என்று சத்தியம் செய்வது, திரையில் பூங்கா நடைபாதை.

அப்படியானால் கேமராவை எங்கே மாட்டுவது? இங்கே அறிஞரிடையே பூசல். நெஞ்சில் மாட்டுக என்பார் ஒருசாரார். மலைச் சைக்கிளுக்கு அது பொருந்தும். பலகைக்காரனோ பக்கவாட்டில் நிற்பவன். அவன் நெஞ்சு வழியைப் பார்ப்பதில்லை, வழியோரப் புதரைப் பார்க்கிறது. இத்தகைய படங்கள் தாவரவியலுக்கு உதவக்கூடும். பலகையிலேயே மாட்டுக என்பார் மதத்தில் முழங்கால் மட்டுமே நாயகன். தவிர, படத்தை வரிவரியாகப் படிக்கும் சென்சார், கல்லில் அதிரும்போது மலையையே ஜெல்லியாக ஆட்டிவிடும்.

அதிர்வுக்கு மருந்தும் வந்தது. 2018-இல் வந்த கோப்ரோவின் ஹீரோ 7 பிளாக் கேமரா, சட்டகத்தின் ஓரத்தில் சுமார் 10 விழுக்காட்டை விழுங்கிக்கொண்டு மீதியை வெண்ணெயில் வழுக்குவதுபோல் காட்டியது. சரிவு முன்பே போய்விட்டது. குலுங்கலாவது வேகத்துக்குச் சாட்சியாக இருந்தது. அதையும் துடைத்தாயிற்று. (பக்கத்தில் நின்று நண்பன் எடுத்தால் சரிவு அப்படியே விழும். ஆனால் அப்படிப்பட்ட நண்பனுக்கும் ஒரு பலகை இருக்கும். அவன் நிற்க மாட்டான்.)

இங்கே ஒரு தற்செயல், ஆய்வுக்குக் கைகொடுக்கிறது. ஹெல்மெட்டில் மாட்டிய கேமராவின் பொத்தானை அணிந்தவன் பார்க்க முடியாது. விரலால் தடவி, பீப் ஒலியை நம்பித்தான் அமுக்க வேண்டும். அடிவாரத்தில் சோதிக்க அமுக்கியதை மறந்து, உச்சியில் மறுபடி அமுக்குகிறான். பதிவு நின்றுவிடுகிறது. மின்தூக்கி இல்லாத மலையில் பலகையைச் சுமந்து நடந்தேற வேண்டும் என்பதை நினைவிற்கொள்க. ஆக, இறக்கம் முழுவதும் காற்றோடு போக, ஏற்றம் முழுவதும் நினைவக அட்டையில் தங்குகிறது: தெரிவது புல், ஷூ, மறுபடியும் புல். கேட்பது மூச்சு.

அந்த மூச்சில் சரிவு இருக்கிறது! லென்ஸ் மறைத்ததை மைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அடிவாரத்தில் சீராக ஓடும் மூச்சு, பாதியில் இரைப்பாகி, உச்சிக்கருகில் வாய்விட்ட புலம்பலாகிறது. எனவே இனி பலகைக்காரர்கள் ஏற்றத்தையே போட்டுக்காட்ட வேண்டும் என முன்மொழிந்தோம். சோதனைக்கு ஒரு குடும்பத்தாருக்கு 22 நிமிடம் போட்டும் காட்டினோம். முடிந்ததும் பாட்டி ஒருத்திதான் விழித்திருந்தார். "பாவம், யாருக்கு ஆஸ்துமா?" என்று கேட்டார்.