வீதிக்கு ஒரு சர்வக்ஞர்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் தேதி இந்திய யூனியனோடு இணைந்துவிட்டதென்றும், அன்றோடு அங்கே தனியாட்சி முடிந்துபோயிற்றென்றும் சரித்திரம் எழுதுவோர் சொல்லுகிறார்கள். அவர்கள் ராஜ வீதிகளுக்குப் பின்புறமுள்ள சந்துகளில் குடியிருந்ததில்லை போலும். வீதிக்கு ஒருவராக இன்னமும் அங்கே தனியரசு செலுத்தி வருகிற ஒரு வகுப்பார் உண்டு. அவர்களுக்குப் படையில்லை, பரிவாரமில்லை. தோளில் ஒரு துண்டும் இடுப்பில் செருகிய ஒரு டெஸ்டருமே ஆயுதங்கள். ஆனால் தங்கள் எல்லைக்குள் எந்த வீட்டில் எந்த இயந்திரம் நின்றாலும், அது தண்ணீர் மோட்டாராயினும் தையல் மெஷினாயினும், அதைப்பற்றி முதல் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தங்களுடையதே என்பதில் அவர்களுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அவர்களுள் எனக்குப் பழக்கமானவரின் பெயரைச் சொன்னால், பெயர் பொருந்தாத பத்துப் பேரும் 'என்னைத்தான் எழுதியிருக்கிறான்' என்று சண்டைக்கு வருவார்களாகையால், சர்வக்ஞர் என்று மட்டும் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்ளுகிறேன்.

ஒரு வீட்டில் இயந்திரம் நின்றுபோன செய்தி சர்வக்ஞரை எட்டுகிற விதம் பெரிய மர்மம். வீட்டுக்காரர் அதை அறிந்து வருத்தப்படத் தொடங்குவதற்குள், "என்னப்பு, சத்தத்தையே காணோம்?" என்று வாசற்படியில் குரல் கேட்கும். உள்ளே வந்தவர் என்ன கோளாறு என்று வினவுவதில்லை. என்ன விலை என்றுதான் வினவுவார். எந்தத் தொகையைச் சொன்னாலும், "ஏமாந்துட்டியேப்பு! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருச்சியில பாதி வெலைக்கு முடிச்சுக் குடுத்திருப்பேன்ல" என்பதே பதில். வீட்டுக்காரரை இவ்விதம் வீழ்த்திய பின்னரே இயந்திரத்தின் பக்கம் திரும்புவார். விரல் முட்டியால் இரண்டு தட்டு, காதை வைத்து ஒரு க்ஷணம் தியானம், பிறகு, "ஏர் லாக்." போர் மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டாலும் ஏர் லாக், ஃபிரிட்ஜ் குளிராவிட்டாலும் ஏர் லாக், தீபாவளிக்கு வந்திருந்த தம் மைத்துனரின் வயிற்று உப்புசத்தையும் அவர் அதே தலைப்பின்கீழ்ச் சேர்த்ததை நேரில் கண்டவன் நான். ஏர் லாக்குக்குக் கட்டுப்படாத வியாதிகளுக்கென்று தேங்காய் எண்ணெய் என்ற ஔஷதம் ஒன்றும் அவரிடம் உண்டு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவரை வெறும் போலி என்று எண்ணுவது அநியாயம். அவர் வாலிபராயிருந்த காலத்தில், பம்ப் ஸ்டவ்வின் நிப்பிளில் அடைத்த கரியை ஊசியால் குத்தி எடுக்கவும், காய்ந்துபோன தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்து மறுபடி காற்றுப் பிடிக்கச் செய்யவும் அவரைப்போல் நேர்த்தியாய் அறிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. திருவப்பூர் மாரியம்மனின் மாசித் திருவிழாவுக்கென்று எங்கள் வீதியிலிருந்து புறப்பட்ட பெட்ரோமாக்ஸ் விளக்குகளில் அவர் கைபடாதது ஒன்றும் இராது. அந்த யுகத்து இயந்திரங்கள் இயலாமையால் நின்றன. அழுக்கை நீக்கினால், எண்ணெய் விட்டால், பக்குவமாய் ஒரு தட்டுத் தட்டினால், நன்றியோடு ஓடின. இந்த யுகத்து இயந்திரங்களிலோ சில, ஓட இயலும்போதே, ஓடக் கூடாதென்று தாமே தீர்மானித்து நிற்கின்றன. நிற்பதும் மறுப்பதும் வேறு என்கிற இந்த ஒரு விஷயம்தான் சர்வக்ஞருடைய விசாலமான ஞானத்துக்குள் இன்னும் புகவில்லை.

தவிர, அவர் கூலி வாங்குவதில்லை. கூலி வாங்குகிறவனை 'நாளைக்கு வா' என்று அனுப்பிவிடலாம். ஒரு டம்ளர் காபியோடு திருப்தியடைகிற பரோபகாரியை எந்த வாயால் அனுப்புவது? அவருடைய இல்லத்தரசியார் மட்டும் இதற்கு ஒரு மார்க்கம் கண்டிருக்கிறார். தம் வீட்டு மிக்ஸி பழுதானால், காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லி, அதைப் பைக்குள் போட்டுக் கீழ ராஜ வீதிக் கடைக்கு எடுத்துப் போய்விடுவார்.

சென்ற மார்கழியில் இந்தச் சர்வக்ஞர் ஒரு கேஸ் கீசரைச் சந்தித்தார்.

புதுக்கோட்டையில் வெந்நீருக்கு ஒரு சாதனம் வேண்டுமா என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். நியாயந்தான், வருஷத்தில் பெரும்பகுதி, மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரைச் சூரிய பகவான் இலவசமாகவே காய்ச்சித் தருகிறார், சித்திரை வைகாசியில் அதை ஆற்றித்தான் குளிக்க வேண்டும். ஆனால் மார்கழி, தை மாத விடியற்காலைகளில், அதுவும் மூட்டுவலி வந்த வயதில், குழாய்த் தண்ணீர் உடம்பில் பட்டால் பகவான் பெயர் வேறு விதமாக வாயில் வரும். என் எதிர்வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர். சிங்கப்பூரில் இருக்கிற அவருடைய புதல்வன், கரண்ட் போனாலும் வெந்நீர் வரட்டுமென்ற கருணையினால் கேஸ் கீசர் வாங்கிக் குளியலறைச் சுவரில் மாட்டச் செய்தான். புகையை வெளியே தள்ளுகிற ப்ளோயர் வைத்த மாதிரி அது. அந்தப் ப்ளோயர் ஓடுவதற்குக் கரண்ட் வேண்டும் என்பது, பணம் கட்டி, ஆணியடித்து, தேங்காய் உடைத்த பிறகு தெரிய வந்தது.

அந்தப் பெட்டிக்குள் நடக்கிற காரியத்தை எதிர்வீட்டுக்காரரைப்போல் எளிதில் புரிந்துகொண்டவர் இல்லை. ஏனெனில் அது அச்சாகத் தாலுகா ஆபீஸ்தான். குழாயைத் திறந்ததும், தண்ணீர் ஓடுகிறதென்பதை உணர்கிற கருவி மனுவைப் பதிவு செய்கிறது. உடனே ப்ளோயர் சுழன்று, உள்ளிருக்கும் காற்றைப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளத் தொடங்குகிறது. தள்ளுகிற வேகம் போதுமானதுதானா என்பதை, ஒரு சிறு ரப்பர் குழாயின் நுனியில் அமர்ந்திருக்கிற வட்டமான பிரஷர் சுவிட்சு ஸ்தல விசாரணை செய்து, போதுமென்று கண்டால் மட்டுமே கையெழுத்திடுகிறது. அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகே 'டிக் டிக்' என்று பொறி பறக்கிறது, கேஸ் வால்வு திறக்கிறது, சுடர் பற்றுகிறது. பற்றியது உண்மைதானா என்று பார்க்க இன்னொரு கருவி முடிவில் நிற்கிறது. இவற்றில் ஒருவர் கையெழுத்திட மறுத்தாலும் கோப்பு நகராது, குளிப்பதற்கு வெந்நீரும் வராது.

அந்த மார்கழியில் ஒரு நாள் குழாயைத் திறந்தால் பெட்டிக்குள் 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை மட்டும் எழுந்தது. 'டிக் டிக்' வரவில்லை. சிறிது பொறுத்து ஓசையும் அடங்கிவிட்டது. சர்வக்ஞர் வந்தார். விலை விசாரணை முடிந்தது. "பேட்டரி வீக்கு" என்றார். சாதாரணக் கேஸ் கீசர்களில் பொறிக்காக இரண்டு பேட்டரி போடுவதுண்டென்பது வாஸ்தவம். இது கரண்டில் ஓடுவதாகையால் இதில் பேட்டரிக்கு இடமே கிடையாது. இல்லாத அறையின் மூடியை அவர் தேடிய தேட்டம் சித்தன்னவாசலில் ஓவியம் தேடுகிறவர்களுக்கும் வராது. பிறகு சிலிண்டர். 14.2 கிலோ கேஸ் அடங்கிய அந்தச் சிலிண்டரை அணைத்துத் தூக்கி, குலுக்கி, "காலி" என்றார். வீட்டம்மாள் ஒன்றும் பேசாமல் சமையலறையில் அதே சிலிண்டரின் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினாள். அவர் அசரவில்லை. "அடுப்புக்குப் போற கேஸ் வேற ஆத்தா, கீசருக்குப் போற கேஸ் வேற" என்றார். இதற்கு என்ன மறுமொழி சொல்லுவதென்று தெரியாத அந்த அம்மாள், காபி போடும் பாவனையில் கொல்லைப்புறம் போய், மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். அன்று அந்த வீட்டில் நடந்த புத்தியான காரியங்களில் அது முதலாவது.

இதற்குள் பெட்டியின் மூடி கழன்றுவிட்டது. ப்ளோயருக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் நிவேதனமாயிற்று, பயனில்லை. சர்வக்ஞரின் பார்வை அந்த வட்டமான சுவிட்சின்மேல் விழுந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் புறப்பட்டுப் போயின. "இவன்தாம்ப்பு தடுக்கிறான்!" என்று கூவினார். உண்மையைச் சொன்னால், அன்று முழுவதிலும் அவர் சொன்ன சரியான வாக்கியம் அது ஒன்றுதான். தடுப்பவன் அவன்தான், ஏன் தடுக்கிறான் என்று கேட்கத்தான் அவருக்குப் பொறுமையில்லை. இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப்பைச் சுற்றினார். ஸ்தல விசாரணை செய்யாத மனுவில் அதிகாரியின் கள்ளக் கையெழுத்து விழுந்தது. குழாயைத் திறந்தார், டிக் டிக், புஸ்ஸென்று சுடர், வெந்நீர்! தாலுகா ஆபீஸிலே முப்பது வருஷம் கையெழுத்துகளைச் சரிபார்த்த வீட்டுக்காரர்கூட, "அண்ணே, நீங்க நீங்கதாண்ணே!" என்று கரங்கூப்பினார்.

வேடிக்கையை இந்த இடத்தில் சற்று நிறுத்த வேண்டியிருக்கிறது. கேஸ் எரிய நல்ல காற்று வேண்டும். எரிந்த புகை வெளியேற வழி வேண்டும். ப்ளோயர் சோம்பினால் புகை உள்ளேயே சுற்றிச் சுடரை மூச்சுத் திணறச் செய்கிறது; அரைகுறையாய் எரிகிற அந்தச் சுடரிலிருந்து பிறப்பது கார்பன் மோனாக்ஸைடு. சிலிண்டர் கேஸுக்குச் சுயமாக மணம் கிடையாது. கசிந்தால் நம் மூக்குக்குத் தெரியட்டுமென்று எதைல் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கோ அந்த மரியாதையும் இல்லை, நிறமுமில்லை, வாடையுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயு ஒட்டுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் மயக்கம். தாழிட்ட குளியலறைக்குள் மயங்கினவரை யார் பார்ப்பது? குளிர்காலந்தோறும் வட இந்திய நகரங்களிலிருந்து இவ்விதச் சாவுச் செய்திகள் வருகின்றன. நம் தேசத்து மருத்துவ ஏடுகள் கேஸ் கீசரின் பெயரிலேயே ஒரு நோய்க்குறியைப் பேசுகின்றன. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் கேஸினால் உடனுக்குடன் வெந்நீர் தரும் யந்திரத்தை முதன்முதலில் செய்தபோது, புகை போவதற்கு வழியே வைக்கவில்லை. அவர் நம் சர்வக்ஞருக்கு ஏதோ ஒரு வகையில் தாயாதியாயிருக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

பெட்டியின் சிறு கண்ணாடி வழியே தெரிந்த சுடர் நீலம் மாறி மஞ்சளாயிற்று. வீட்டம்மாள்தான் முதலில் பார்த்தாள். "அண்ணே, மஞ்சளா எரியுது, செவுத்துல கரி ஏறுதே?"

"மஞ்சளா எரிஞ்சாத்தான் ஆத்தா சூடு ஜாஸ்தி."

இந்த வாக்கியம் முடிவதற்கும் மெக்கானிக் வாசலில் வண்டியை நிறுத்துவதற்கும் சரியாயிருந்தது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பிள்ளை. உள்ளே எட்டிப் பார்த்தவன் வணக்கம் சொல்லவில்லை. கேஸ் வால்வை மூடினான், பிளக்கைப் பிடுங்கினான், ஜன்னலையும் கதவையும் அகலத் திறந்தான், எல்லோரையும் முற்றத்துக்குப் போகச் சொன்னான். அதற்குப் பிறகுதான் வணக்கம் வந்தது. முறுக்கிய ஒயர்களைக் கண்டதும் அவன் முகம் மாறியது. ஆயினும் வயதுக்கு மரியாதை கொடுத்து, "இதை யாருங்கய்யா செஞ்சது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். சர்வக்ஞரும் அதே சுவரைப் பார்த்தார்.

அவன் முதலில் வெளியே போய்ப் புகைக்குழாயின் நுனியைப் பார்த்தான். குளவி அரைவாசி மண்கூடு கட்டியிருந்தது. அதைத் தட்டி எடுத்தான். ரப்பர்க் குழாயைக் கழற்றி, உள்ளே நின்ற நீர்த்துளியை உதறினான். பிரஷர் சுவிட்சின் ஒயர்களைப் பழைய இடங்களிலேயே மாட்டினான். பிறகு ப்ளோயரின் சக்கரத்தை விரலால் சுண்டினான். ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் அது நின்றது. இதழ்களில் தூசும் கரியும் அப்பியிருந்தன. தேங்காய் எண்ணெய் அவற்றை நன்றாக ஒட்டவைத்திருந்தது. துடைத்து, கெப்பாசிட்டரை மீட்டரில் பார்த்து, புதிதாய் ஒன்று போட்டும், 'ம்ம்ம்' என்ற அந்தப் பழைய முனகல் போகவில்லை.

"அதான் சுத்துதேப்பா!" என்றார் சர்வக்ஞர்.

"சுத்துதுங்கய்யா, காத்தைத் தள்ளல. பேரிங் போயிருச்சு. ப்ளோயரையே மாத்தணும். திருச்சியிலேருந்து வரவழைக்கணும். அதுவரைக்கும் இதைத் தொடக்கூடாது. குளியலறைக்குள்ள இதை மாட்டினதே தப்பு. வெளிச் செவுத்துக்கு மாத்திடுங்க."

புதுப் ப்ளோயர் வருகிறவரையில் எதிர்வீட்டில் கொல்லைப்புறத்து விறகடுப்பில் அண்டா ஏறியது. அடுப்பு எரிகிற முறையைச் சர்வக்ஞர் தினமும் வந்து திருத்திக்கொடுத்தார். ப்ளோயர் வந்து, கீசர் வெளிச்சுவருக்கு மாறி, சுடர் நீலமாக எரிய ஆரம்பித்த அன்று, வீதி முனையில் அவர் நாலு பேருக்கு நடுவில் நின்று, "நான் அப்பவே சொன்னேன், குழாயில காத்து அடைச்சிருக்குன்னு. ஏர் லாக்குதான். அந்தப் பையன் வந்து எடுத்துவிட்டான்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். குளவிக்கூட்டை எண்ணிப் பார்த்தால் அதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. இதுதான் அவருடைய பாக்கியம்.

வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இது. கார்த்திகை பிறந்ததுமே புகைக்குழாயையும் ப்ளோயரையும் தொழில் தெரிந்தவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். உங்கள் வீதிச் சர்வக்ஞர் வந்தால் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுங்கள், பெட்ரோமாக்ஸ் காலத்துக் கதைகளைக் கேளுங்கள், அவற்றில் பாதி உண்மை. குளியலறைச் சாவியை மட்டும் கொடுக்க வேண்டாம். கேஸ் கசிகிற வாடை வந்தால், ரெகுலேட்டரை மூடி, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சர்வக்ஞருக்குத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. அதற்குள் அவர் வந்திருப்பார்.