பாதி நேர வாத்தியார்

கல்வியையும் உழைப்பையும் இணைக்கப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. ஒரு சான்றிதழ் போதும் என்று காட்டியது இங்கிலாந்து. 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைச் சிறுவர்களுக்கு ஒன்பது மணி நேர வேலையோடு இரண்டு மணி நேரப் பள்ளியையும் விதித்தது. வாத்தியார் சீட்டுக் கொடுத்துவிட்டால் பையன் படித்தவன். ஆனால் சில வாத்தியார்களுக்கே எழுதத் தெரியாததால், கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டார்கள். கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவரே பாடமும் நடத்திய ஆலை உண்டு. (தொழிலையும் கல்வியையும் இதைவிட நெருக்கமாக இணைக்க முடியுமா?) சான்றிதழை ஆசிரியர் தம் கையாலேயே எழுத வேண்டும் என்று சொல்ல 1844-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

பின்னர் வந்த பாதி நேர முறையில் பாதி நாள் வேலை செய்து பாதி நாள் படித்த ஆலைப் பிள்ளைகள் முழுநாள் மாணவருக்கு இணையாகக் கற்றார்கள் எனத் தொழிற்சாலை ஆய்வாளர்களே எழுதினார்களே, மார்க்ஸும் அதை ஏற்றாரே என்று கேட்கலாம். ஏற்றார்தான். முழுநாள் பள்ளியின் சலிப்பு அப்படி. ஆனால் அவர் கனவு கண்டது உற்பத்தியை முழுதாய்ப் புரிந்துகொள்ளும் மனிதரை. ஆலை கற்பித்ததோ அறுந்த நூலை முடிச்சிடுவதை. இவ்வளவு அருமையான முறையை ஆலை முதலாளிகள் தம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏனோ சிபாரிசு செய்யவில்லை. 1918-இல் அதை ஒழிக்கச் சட்டம் வரும்வரை லங்காஷயரில் விடாமல் ஆதரித்தவர்களில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் இருந்தார்கள்: பிள்ளையின் கூலி இல்லாமல் வீட்டுக் கணக்கு நேராகாது.