கேக் கொடுத்தும் கூடாத சம்பந்தம்

இணையப் பரிமாற்றகத்தில் இரண்டு நெட்வொர்க்குகள் கைகோக்க, அதாவது 'பியர்' ஆக, அதிகம் தேவையில்லை. ஒரே சுவிட்சில் ஆளுக்கொரு போர்ட், ஆளுக்கொரு ஐபி முகவரி, நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் ஏ.எஸ். எண், ரூட்டரில் ஐந்தாறு வரி. நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறையான பிஜிபியின் செஷன் 'எஸ்டாப்ளிஷ்டு' என்று காட்டினால் தாலி ஏறியாயிற்று. இழுத்தடிப்பதெல்லாம் பொருத்தம் பார்ப்பதில்தான்: உன் டிராஃபிக் எவ்வளவு, என் டிராஃபிக் எவ்வளவு, சும்மா சேருவதா, காசு வாங்கிக்கொண்டு சேருவதா?

2009 அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பார்னில் நெட்வொர்க்குக்காரர்கள் கூடிய நானாக் மாநாட்டுக்கு ஹரிக்கேன் எலக்ட்ரிக் நிறுவனம் கேக்கோடு வந்தது. மேலே க்ரீமில், சேர மறுத்த இன்னொரு நெட்வொர்க்கான கோஜென்டுக்கு ஒரு விண்ணப்பம்: கோஜென்ட், ஐபிவி6-இல் தயவுசெய்து எங்களோடு பியர் ஆகுங்கள். கேக் எத்தனை நாள் தாங்கும்? பிணக்கு அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தாங்கியது.

பந்திக்கும் பிஜிபிக்கும் பழைய உறவு. 1989-இல் கிர்க் லாஹீடும் யாக்கோவ் ரெக்டரும் இதன் முதல் வரைவைக் கிறுக்கியதே சாப்பாட்டு மேசையின் கைதுடைக்கும் காகிதத்தில்தான்.

அதனாலோ என்னவோ, விருந்தாளி சொன்னதை அப்படியே நம்பும் சுபாவம் பிஜிபிக்கு. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபை உள்நாட்டில் மட்டும் முடக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், 'அந்த முகவரிகள் என்னிடம்தான்' என்று வாய்தவறி வெளியேயும் அறிவித்துவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 22 பிட் முன்னொட்டு. பாகிஸ்தான் அறிவித்தது 24 பிட், அதைவிடக் குறுகலான வட்டம். குறுகலாகச் சொல்பவர் பேச்சுதான் பிஜிபியில் எடுபடும். இரண்டு மணி நேரத்துக்கு உலகத்து வீடியோ ரசிகர்கள் பாகிஸ்தான் வாசலில் நின்றார்கள். பாகிஸ்தான் டெலிகாமுக்கு வெளியுலக இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் ரூட்டரில் எழுதாமல் விட்டது ஒரு ஃபில்டர்.