மட்கார்டுத் துரு: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லைகள்: வடக்கே ஆரம்பாக்கம், தெற்கே காரனோடை, கிழக்கே பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று, மேற்கே ஆய்வாளரின் பெட்ரோல் தீரும் இடம். கார் டயருக்கு மேல் வளைந்து நிற்கும் தகடு அரிப்பதேன் என்பதே ஆய்வுப்பொருள்.

முன்னாய்வுகள் இல்லை. சிவகளை இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததிலிருந்து இரும்பின் தொன்மை பற்றிப் பேசாத அறிஞர் இல்லை. துருவின் தொன்மைக்குத்தான் நாதியில்லை. இரும்புக்கு 5,300 ஆண்டு என்றால், ஒரு மழைக்காலம் கழித்து, துருவுக்கு 5,299 என இவ்வாய்வு துணிகிறது. டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டாக நிற்பதற்கு அதிலுள்ள பாஸ்பரஸைக் காரணம் காட்டுகிறார்கள். அதற்கு டயர் கிடையாது என்பதை எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

துருவின் வரலாறு மூன்று காலம். கொப்புளக் காலத்தில் பெயிண்ட் புடைக்கும், உரிமையாளர் பார்க்காததுபோல் இருப்பார். ஓட்டைக் காலத்தில் விரல் நுழையும்.

இடைப்பட்ட பட்டிக் காலம் விரிவாகப் பேசத்தக்கது. சிப்காட் பக்கத்துப் பட்டறை ஒன்றில், பழைய வெள்ளைக் கார் ஒன்றின் பின்பக்க மட்கார்டில் அகழாய்வு நடந்தது. கருவிகள்: ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள். முதல் அடுக்கு பெயிண்ட். அடுத்து பிரைமர். மூன்றாவது பட்டி. நான்காவது இன்னொரு பெயிண்ட், மஞ்சள் ஓடிய வெள்ளை. ஆகவே இந்நிலத்தில் முந்தைய உரிமையாளர் ஒருவர் வாழ்ந்தது உறுதி (டிங்கர், வாய்மொழி). ஐந்தாவது மீண்டும் பட்டி, கட்டைவிரல் கனம். ஆறாவது எம்-சீல். ஏழாவதில், தகடு இருக்கவேண்டிய இடத்தில், மடித்துத் திணித்த நாளிதழ். அதன் குறுக்கெழுத்துப் புதிரில் மேலிருந்து கீழ் மட்டும் நிரப்பியிருந்தது. எழுத்தறிந்த குடிகள், ஆனால் பொறுமையற்றவர்கள் (மேற்படி டிங்கர், உப்புத்தாள் தேய்த்தபடி தலைநிமிராமல்). காலக்கணிப்புக்கு வெளிநாட்டு ஆய்வகம் தேவைப்படவில்லை, தேதி தாளிலேயே இருந்தது. இரண்டு பேராசிரியர்கள் உடனிருந்திருந்தால் அந்தத் தேதியிலும் கருத்துவேறுபாடு வந்திருக்கும்.

காரணம் எளிது. டயர் வாரியடிக்கும் சேறு தகட்டின் உள்மடிப்பில் போய் உட்காருகிறது. இரண்டு தகடுகள் சேரும் அந்த இடுக்கில் ஈரம் காய்வதில்லை, உப்புக்காற்று அரிப்பை விரைவுபடுத்துகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பலமடங்கு இடம் வேண்டும், அதனால் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. கொப்புளம் கண்ணில்படும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும். காரைக்குடியில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்துக்கென்றே ஒரு துறை வைத்திருக்கிறது. டிங்கரோ, “உள்ள கை விட்டுக் கழுவலியா சார்?” என்பதோடு முடித்துக்கொண்டார்.

தடுப்புமுறையும் அதுவே. வாட்டர் வாஷில் தண்ணீரைக் கீழிருந்து மடிப்புக்குள் அடிக்கச் சொல்லவேண்டும். வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திவிட்டு, நன்றாகக் காய்ந்தபிறகே ஆன்டி ரஸ்ட் கோட்டிங். சேற்றின்மேல் அடித்தால் ஈரத்துக்குக் கூரை வேய்ந்ததாகும். பழைய இன்ஜின் ஆயில் பூசும் மரபு ரப்பர் புஷ்களைக் கெடுக்கும்.

செலவு குறித்து இரு பாடங்கள் உள்ளன. “சின்ன வேலை சார், பட்டி போட்டுரலாம்” (மேற்படி டிங்கர், முதற்பதிப்பு, வண்டியை விடும்போது). “தகடே இல்ல சார், வெட்டி வெல்டு வைக்கணும்” (திருத்திய விரிவாக்கப் பதிப்பு, சக்கரத்தைக் கழற்றியபின், டீ உரிமையாளர் செலவில்). பின்னதே மூலபாடம்.

வெட்டிய தகடு காயலான் கடை வழியாக இதே வட்டாரத்து உலையொன்றில் உருகி, முறுக்குக்கம்பியாகி, எளிதில் துருப்பிடிக்காதது என்று சுவர் விளம்பரம் பெறக்கூடும். இது தனி ஆய்வுக்குரியது. முன்பக்க மட்கார்டில் அடுத்தகட்ட அகழாய்வு தொடங்கவேண்டும். டிங்கர் முன்பணம் கேட்டிருக்கிறார்.