மாடி தாங்குமா?

செடி வளர்ப்பதும் செடி வாங்குவதும் ஒரே காரியம் என்று வெளியே இருக்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வளர்க்க மண் வேண்டும், தண்ணீர் வேண்டும், வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்து மாவுப்பூச்சி மேல் அடிக்கிற பொறுமை வேண்டும். வாங்க ஐம்பது ரூபாய் இருந்தால் போதும். நன்றாக வளர்க்கிறவர்கள் அதிகம் வாங்குவதும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு தாத்தா ஒரே ஒரு கறிவேப்பிலை மரத்தை வைத்துக்கொண்டு தெரு முழுக்க ரசம் தாளிக்கக் கொடுக்கிறார். "இன்னொரு செடி வைக்கலாமே தாத்தா" என்றால் "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்கிறார். எங்கள் இனத்துக்கு அந்தக் கேள்வியே விளங்காது.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில். வீட்டுக்காரர் கட்டட வேலை சூப்பர்வைசர். மற்றவர்கள் செடியைப் பூவாகவும் காயாகவும் பார்த்தால் இவர் கிலோவாகப் பார்ப்பார். "ஆள் நடமாடுற மாடின்னா சதுர மீட்டருக்கு 150 கிலோன்னு கணக்குப் போட்டுத்தான் கம்பி கட்டுறோம். ஈர மண்ணோட பெரிய தொட்டி ஒண்ணு 40 கிலோ வரும். நாலை ஒட்டி ஒட்டி வச்சா அதுவே 160. அப்புறம் நீ போய் அங்க நிக்கவே கூடாது" என்பார். நியாயமான பேச்சு. அதனால் அந்த மூலைக்கு மட்டும் படிக்கட்டிலேயே நின்றபடி பைப்பால் தண்ணீர் பீய்ச்சுகிறேன். தான் சொல்ல வந்தது எனக்கு எட்டவில்லை என்று நினைத்தோ என்னவோ, "கோமுகி அணைக்கே 46 அடின்னு ஒரு மட்டம் இருக்கு. நெருங்கினா ஷட்டரைத் தூக்கிடுவாங்க. உன் மாடிக்கு எத்தனை அடிம்மா?" என்று இன்னொரு நாள் கேட்டார். மாடிக்கு ஷட்டர் வைக்காதது கட்டியவர் குற்றம். கட்டியவர் அவர்தான்.

பழியில் பாதியை நர்சரிக்காரர்கள் தலையில் போடலாம். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில், சரியாக வண்டியின் வேகம் குறைகிற இடமாகப் பார்த்துப் பச்சை வலையைக் கட்டியிருப்பார்கள். முன்வரிசையில் முழங்கால் உயர எலுமிச்சைச் செடி, அதில் ஒரே ஒரு காய். அந்த ஒரு காய்தான் வியாபாரம். பின்னால் இருக்கிற நூறு செடியும் அந்தக் காயின் தயவில் விற்கிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஒட்டுக் கட்டும்போது காய்க்கிற தாய்மரத்திலிருந்து குச்சி எடுக்கிறார்கள்; குச்சிக்கு ஏற்கெனவே வயது வந்துவிட்டது, அதனால் குட்டியாக இருக்கும்போதே பூத்துவிடுகிறது. முதல் ஓரிரு வருஷம் பூவைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள், செடி தேறட்டும் என்று தோட்டக்கலைக்காரர்கள் சொல்கிறார்கள். காயைப் பார்த்து மயங்கி வாங்கியவளிடம் போய்ப் பூவைக் கிள்ளச் சொல்வதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

ரோஜா, செம்பருத்தி, அரளி எல்லாம் லாரி லாரியாக ஆந்திராவிலிருந்து, ராஜமுந்திரி பக்கத்துக் கடியம் நர்சரிகளிலிருந்து வந்து இறங்குகின்றன. வேரைச் சுற்றி அந்த ஊர்க் களிமண் உருண்டை. கடையில் குலை குலையாகப் பூத்த செடி நம் வீட்டுப் படியேறியதும் இலையை உதிர்த்துவிட்டு மௌன விரதம் பிடிக்கும். களிமண்ணை அலசிவிட்டு மாற்றி நட்டால் பிழைக்கும் என்பார்கள் சிலர். வேரைத் தொட்டால் போச்சு என்பார்கள் சிலர். இரண்டு கட்சியையும் திருப்திப்படுத்த வேண்டுமானால் இரண்டு செடி வாங்க வேண்டியிருக்கிறது.

செடியாவது இடத்தை அடைக்கும், நாலு பேர் கண்ணில் படும். விதைக்கு அந்தப் பயமே இல்லை. கைப்பைக்குள் ஒரு ஏக்கரைக் கொண்டுவந்து விடலாம். விதைப் பொட்டலத்தின் முன்பக்கம் யாரும் இதுவரை கண்டிராத தக்காளி. பின்பக்கத்தை நான் பள்ளிக்கூட டீச்சர் என்ற முறையில் ஒழுங்காகப் படிப்பேன். 1966ஆம் வருஷத்து விதைச் சட்டத்தின்படி முளைப்புத்திறன், சோதனை செய்த நாள் எல்லாம் போட்டிருக்க வேண்டும். சான்று பெற்ற தக்காளி விதைக்குக் குறைந்தது 70 சதவீதம், மிளகாய்க்கு 60. எங்கள் பிள்ளைகளுக்கு 35 எடுத்தால் பாஸ் போடுகிற நாட்டில் மிளகாய்க்கு இவ்வளவு கண்டிப்பு. சோதித்த நாளிலிருந்து 9 மாதம் செல்லுபடி. அதற்குள் விதைத்துவிட வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு.

சட்டம் எங்கள் ஃப்ரிட்ஜைப் பார்த்ததில்லை. கீழ்த்தட்டில் இட்லி மாவு, அதற்கு மேல் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் விதை. முட்டைக்கோஸ் விதையும் கடுகும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும் என்பதால் அந்தப் பாட்டிலில் மட்டும் சிவப்பு மையில் "தாளிக்காதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வெங்காய விதைக்கு ஆயுசு கம்மி, ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு விழுந்துவிடும். ஆனால் அமெரிக்காவில் பீல் என்ற தாவரவியல் வாத்தியார் 1879இல் 20 பாட்டில்களில் ஈர மணலோடு களை விதைகளைப் போட்டு மிச்சிகனில் புதைத்து வைத்தார். இத்தனை வருஷத்துக்கு ஒரு பாட்டில் என்று வெளியே எடுத்து முளைக்கப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். 2021இல் எடுத்த பாட்டிலிலும் சிலது முளைத்தது. அடுத்தது 2040இல். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்து முறைக்கும்போதெல்லாம் எனக்குப் பீல் ஞாபகம் வரும். அவர் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்களோ.

நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் கல்வராயன் மலையில். அங்கே ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை ஏன் ஒரு வாரமாக வரவில்லை என்று கேட்கத்தான் போனேன், சத்தியமாக. அடுப்புக்கு மேலே உத்திரத்தில் சுரைக்குடுக்கைகள் தொங்கின. புகை பட்டுப் பட்டு ஓடு கறுத்துப் பளபளவென்று இருந்தது. வாயில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். ஒன்றில் அவரை, ஒன்றில் மொச்சை, ஒன்றில் சாம்பல் கலந்த பீர்க்கன் விதை. பக்கத்திலே செம்மண் கட்டிக் காய வைத்த துவரை. புகையும் சாம்பலும் பூச்சியை அண்ட விடாது. மண் கட்டிய துவரையில் வண்டு விழாது. பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது என்பதை அவளுடைய ஆயா சொல்லி முடிப்பதற்குள் என் கண் குடுக்கைக்குப் போய்விட்டதை அந்தம்மா பார்த்துவிட்டார். ஒன்றை இறக்கிக் கவிழ்த்து ஐந்தாறு மொச்சையை என் கையில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் குடுங்களேன் ஆயா."

"எம்மாந் நெலம் வச்சிருக்க கண்ணு?"

மாடி என்றேன். மாடி என்றால் என்ன அளவு என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். ஆயா என் கையிலிருந்த மொச்சையில் இரண்டை எடுத்துத் திரும்பக் குடுக்கைக்குள் போட்டார்.

வரப்போகிற பட்டத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அந்த வீட்டு விதை. கூட ஒரு பிடி, மழை ஏமாற்றினால் மறுபடி விதைக்க. யாருக்காவது தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் இருக்கும். இப்படிப்பட்ட கட்டுப்பாடான ஜனங்கள் நடுவே என்னை வேலைக்குப் போட்டது விதிதான்.

மலையும் ஆனால் சும்மா இருக்கவில்லை. கீழேயிருந்து எவனோ ஒருவன் ஆசைப்பட்டுக் கொண்டுவந்ததெல்லாம் மேலே ஏறித்தான் இருக்கிறது. இன்றைக்குக் கல்வராயன் சரிவுகளில் எங்கே பார்த்தாலும் மரவள்ளி. அது தென் அமெரிக்கச் சரக்கு. திருவாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிர் செய்யச் சொல்லித் தம் குடிமக்களை விடாமல் வற்புறுத்தினார். ராஜா என்பதால் அது பஞ்ச நிவாரணம். நான் செய்தால் பைத்தியம். 1943 வாக்கில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது. இப்போது மலைக்கிழங்கு மூட்டை மூட்டையாக ஆலைகளுக்கு இறங்குகிறது. பக்கத்து மலையான ஏற்காட்டில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியையும் பேரியையும் கொண்டுபோய் நட்டுப் பார்த்தார். கலெக்டர் மனைவி வரவு செலவு கேட்டதாக வரலாற்றில் இல்லை.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. மலைப்பாதை ஓரம் சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கிறதே உண்ணிச்செடி, அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காக வந்திறங்கிய அமெரிக்கச் செடி. பூ நன்றாயிருக்கிறதே என்று யாரோ ஒருத்தர் ஒரு தொட்டியில் வாங்கி வைத்தார். இப்போது நாட்டின் காடுகளில் புல்லை முளைக்க விடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது, வெட்ட வெட்ட வருகிறது. வீட்டுக்காரரிடம் இதை மட்டும் நான் சொல்லவே இல்லை. நல்ல ஆயுதம்; அவர் கையில் கிடைக்கக்கூடாது.

வெள்ளிமலையிலிருந்து கருமந்துறைக்குச் சாலை இருக்கிறது, கருமந்துறையில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது, அங்கே நாற்றும் ஒட்டுச்செடியும் அரசு விலைக்குக் கொடுக்கிறார்கள். இந்த மூன்று செய்தியையும் ஒரே நாளில் என்னிடம் சொன்ன சக ஆசிரியைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அங்கே வாங்கிய மாஞ்செடியோடு ஒருநாள் மலையிறங்கி, கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் மாறினேன். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் அல்லவா? கண்டக்டர் எனக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மாஞ்செடியை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு லக்கேஜ் போடணும் டீச்சர்."

"செடிக்கா? மடியில வச்சுக்கறேன்ப்பா."

"மடியில வச்சா கொழுந்து முன் சீட்டுக்காரர் காதுல பூருது. அவரு எறங்கற வரைக்கும் காதைச் சொறிஞ்சிட்டே வருவாரு."

முன் சீட்டுக்காரர் திரும்பி, "என்ன ரகம்?" என்று கேட்டார். அல்போன்சா என்றேன். "நம்ம பக்கம் காய்க்காது" என்றார். பின்னாலிருந்து ஒருவர், எங்க சித்தப்பா வீட்டில் காய்த்ததே என்றார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரும் வரை இரண்டு பேரும் விடவில்லை. சண்டை சுவாரஸ்யத்தில் கண்டக்டரும் லக்கேஜை மறந்துவிட்டார்.

வாசல் கேட்டில் என்னைக் காப்பாற்றுவது அத்தை. மாமியார்தான். இந்த விஷயத்தில் எனக்கு முன்னோடி, காசு கொடுத்து வாங்குவதையே மட்டமாக நினைக்கிறவர். ஒரு துக்க வீட்டுக்கு இருவரும் போயிருந்தோம். அத்தை இறந்தவரின் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதார். உண்மையான அழுகை, சிநேகிதி ஆயிற்றே. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கொடி சம்பங்கி அவரு வச்சதா?" என்றார். ஆமாம் என்று அந்தம்மா இன்னும் அழுதார். "அவரு ஞாபகமா ஒரு குச்சி எங்க வீட்டுலயும் இருக்கட்டும்" என்றார் அத்தை. திரும்பி வரும்போது புடவைத் தலைப்புக்குள் ஈரத்துணியில் சுற்றிய மூன்று குச்சி இருந்தது. ஒன்று பட்டுப்போனால் ஒன்று இருக்க வேண்டும் என்று விளக்கமும் வந்தது.

மாடி விஷயத்தில் ஒருவழியாக வீட்டுக்காரர் ஒரு தீர்ப்புச் சொன்னார்: வாங்குவதை நிறுத்த முடியாதென்றால் கொடுக்கவாவது செய். கொடுத்தேன். இங்கேதான் அவருடைய கணக்கு உதைத்தது. நம் ஊரில் கொடுத்து வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் உண்டா? பக்கத்து வீட்டுக்குத் தொட்டியோடு துளசி போனது. அதே தொட்டியில் திருநீற்றுப்பச்சிலையும் ஓரத்தில் ஒரு ஓமவல்லியும் திரும்பி வந்தன. எதிர்வீட்டுக்கு முருங்கைப் போத்து கொடுத்தேன். அவர்கள் ஊருக்குப் போய் வரும்போது கோவைக்கொடியும் கனகாம்பர நாற்றும் கொண்டுவந்து தந்தார்கள். கொடுக்கக் கொடுக்கப் பெருகுவது கல்வி மட்டும்தான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

போதாததற்கு இப்போது ஊரே எங்கள் கட்சிக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பணி நிறைவு விழாவில் சால்வைக்குப் பதில் மரக்கன்று. கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதில் மரக்கன்று. போன வைகாசியில் சின்னசேலத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பெண் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் மேசை போட்டு நெல்லி, கொய்யா, மாதுளை என்று வரிசையாகக் கன்று வைத்துக்கொண்டு தலைக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் வரவில்லை. சென்ட்ரிங் பிரிக்கிற நாள். நான் ஒரு நெல்லி வாங்கிக்கொண்டு, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒதுங்கி நின்றேன். அத்தை கொய்யாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நகரவில்லை.

"பாட்டி, உங்களுக்குக் குடுத்தாச்சே."

"எம்புள்ள வர முடியலப்பா, வேலை. அவனுக்குச் செடின்னா உசுரு. அவன் பங்கையும் குடு" என்றார் அத்தை. பையன் மாதுளையை எடுத்ததும், "அது வேணாம், அந்தப் பெருசு" என்று கையை நீட்டினார்.